இசே ஆலயத்தில் எது பழசு?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். நவம்பர் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜப்பான் போகிறீர்கள். நகோயாவில் நான்கு நாள் தங்கல். இசே ஆலயம் 2000 ஆண்டுப் பழமை என்று ஓரிடத்தில் படித்தீர்கள், கட்டடம் 2013இல் கட்டியது என்று இன்னோரிடத்தில் படித்தீர்கள். உள்ளே விடமாட்டார்கள், படமும் எடுக்க முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு முழு நாளை அதற்குக் கொடுக்கலாமா, வேறு மதத்துக்காரர்கள் அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கேட்கிறீர்கள். பயண யோசனை கேட்பது போலத்தான் இருக்கிறது. ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: இருபது வருடத்துக்கு ஒருமுறை பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டுகிற ஒன்றை எப்படிப் பழைய கோயில் என்று சொல்வது? இதற்குப் பதில் தெரிந்துகொண்டு போனால் அங்கே பார்க்க நிறைய இருக்கிறது. தெரியாமல் போனால் ஒரு மரவேலியையும் ஒரு வெள்ளைத் திரையையும் பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் மரக்கட்டடப் பராமரிப்பில் பயிற்சி பெற்று, அந்த வேலையாகவே நகோயாவில் பதினோரு வருடம் இருந்தவன். வருடத்துக்கு இரண்டு முறையாவது இசேவுக்குப் போய்விடுவேன். மரம், கூரை, தூண் பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். சடங்கு விஷயத்தில் நான் வேலிக்கு வெளியே நின்று கும்பிட்டவன் மட்டுமே. அங்குள்ளவர்களிடம் கேட்டதும் படித்ததும்தான் அதில் எனக்குத் தெரிந்தது.

இசே ஆலயம் என்று நாம் சொல்வதன் முறையான பெயர் வெறும் 'ஜிங்கூ'. அது ஒரே கோயிலும் இல்லை. மியே மாகாணத்தில் பரவிக் கிடக்கும் 125 ஆலயங்கள் சேர்ந்த தொகுதி அது. அவற்றில் தலையானவை இரண்டு. நைக்கூ என்கிற உள் ஆலயத்தில் சூரிய தெய்வமான அமதெராசு இருக்கிறாள். ஜப்பானிய அரச வம்சத்துக்குக் குலதெய்வம் அவள்தான். கெக்கூ என்கிற வெளி ஆலயத்தில் அமதெராசுவுக்கு உணவு படைக்கும் தெய்வமான தொயோஊகே இருக்கிறாள். இரண்டுக்கும் நடுவே ஐந்தாறு கிலோமீட்டர் தூரம். உள் ஆலயத்தின் கருவறையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இருக்கிறது. தெய்வம் அதில் உறைவதாக நம்பிக்கை. அந்தக் கண்ணாடி பேழைக்குள் பேழையாக மூடியே இருக்கிறது, யார் பார்வைக்கும் வைப்பதில்லை.

இனி வயது. 2000 ஆண்டு என்பது ஐதீகம். கி.பி. 720இல் தொகுத்த 'நிஹொன் ஷொகி' என்ற வரலாற்று நூலில், சுயினின் என்ற பேரரசரின் மகள் யமதோஹிமே தெய்வத்துக்கு இடம் தேடி ஊர் ஊராக அலைந்து கடைசியில் இசேவில் நிறுத்தியதாகக் கதை வருகிறது. அந்த நூலின் ஆண்டுக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் கி.மு. 4 என்று வரும். ஆனால் அந்தக் காலத்து அரசர்களின் ஆண்டுக் கணக்கை வரலாற்று ஆசிரியர்கள் யாரும் அப்படியே ஏற்பதில்லை. புதுப்பித்துக் கட்டும் வழக்கத்துக்குத்தான் கொஞ்சம் கெட்டியான ஆதாரம் உண்டு. பேரரசி ஜிதோ காலத்தில், 690இல் உள் ஆலயத்துக்கும் 692இல் வெளி ஆலயத்துக்கும் முதல் முறை நடந்ததாக ஆலயத்தின் பழைய பதிவுத் தொகுப்பு சொல்கிறது. 804இல் இரண்டு ஆலயங்களும் தங்கள் கட்டடங்கள், சடங்குகள் பற்றி அரசவைக்கு அனுப்பிய விரிவான அறிக்கைகள் இன்றும் கிடைக்கின்றன. 927இல் முடிந்த 'எங்கிஷிகி' சட்டத் தொகுப்பில் இருபது ஆண்டுக்கு ஒருமுறை என்று விதியாகவே இருக்கிறது. அதனால் 1300 ஆண்டு என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இந்த வழக்கத்துக்கு 'ஷிகினென் செங்கூ' என்று பெயர். நம் ஊர் கும்பாபிஷேகம் மாதிரியா என்று நீங்களே கேட்டிருந்தீர்கள். மறுபடி சக்தியூட்டுவது என்ற அளவில் சரி, ஆனால் தெய்வம் இடம் மாறும்வரை அங்கே பழைய கட்டடத்தில் கை வைப்பதே இல்லை. தலைமை ஆலயங்கள் இரண்டுக்கும் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு காலி மனை உண்டு. புதுக் கட்டடத்தை அந்த மனையில் எழுப்புகிறார்கள். எல்லாம் முடிந்ததும் ஓர் இரவில், விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, வெண்பட்டுத் திரையால் நான்கு பக்கமும் மறைத்தபடி தெய்வத்தைப் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். புறப்படுவதற்கு முன் ஒரு பூசாரி சேவல் போல மூன்று முறை கூவுவார். கடைசியாக நடந்தது 62ஆவது முறை. உள் ஆலயத்துக்கு 2013 அக்டோபர் 2ஆம் தேதி, வெளி ஆலயத்துக்கு அக்டோபர் 5. அடுத்தது 2033. அதற்கான வேலை 2025 மே மாதமே தொடங்கிவிட்டது, ஏனென்றால் எட்டு வருடத் தயாரிப்பு அது. மரம் வெட்டுமுன் மலையிடம் அனுமதி கேட்கும் சடங்கில்தான் ஆரம்பம்.

ஏன் இருபது? இதை எல்லோரும் கேட்பார்கள், எல்லோரிடமும் ஒரு பதில் இருக்கும். எந்தப் பழைய ஆவணத்திலும் காரணம் எழுதி வைக்கவில்லை என்பதுதான் உண்மை. தச்சுத் தொழிலைத் தலைமுறைக்குத் தலைமுறை கொண்டுசேர்க்க இருபது வருடம் பொருத்தம் என்பது ஒரு விளக்கம். இருபது வயதில் எடுபிடியாக இருந்தவன் நாற்பதில் வேலை செய்வான், அறுபதில் மேற்பார்ப்பான். உலர்த்திய சோற்றைச் சேமித்து வைக்க அந்தக் காலத்தில் அனுமதித்த காலம் இருபது வருடம், அதிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. நாட்காட்டிச் சுழற்சியோடு இணைப்பவர்களும் உண்டு. என் தொழிலிலிருந்து பார்த்தால் கட்டடமே ஒரு காரணம் சொல்கிறது. இசே கட்டடத்துக்கு அடித்தளக் கல் கிடையாது, தூணை நேராக மண்ணில் குழி தோண்டி நடுகிறார்கள். கூரை ஒருவகை நீளப் புல்லால் வேய்ந்தது. மரத்துக்குச் சாயமோ எண்ணெயோ பூசுவதில்லை. ஜப்பானிய மழையில் மண்ணோடு சேர்ந்த தூணின் அடி எப்படிப் போகும் என்று நான் வேறு இடங்களில் நேரில் பார்த்திருக்கிறேன். விரலால் அழுத்தினால் கேக் மாதிரி உள்ளே போகும். இசேவில் போடும் ஹினோக்கி, அதாவது ஜப்பானிய சைப்ரஸ், தடி தடியான நல்ல மரம், இருபது வருடத்தில் அந்த அளவுக்குக் கெடாது. ஆனால் கூரைப் புல்லுக்கு இருபது வருடமே அதிகம்.

இதை வைத்து, அந்தக் காலத்தில் நிலைத்து நிற்கும் கட்டடம் கட்டத் தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இசே பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான். அதே ஏழாம் நூற்றாண்டில் நாரா பக்கத்தில் ஹோர்யூஜி புத்த விகாரையைக் கல் அடித்தளம், ஓட்டுக்கூரை எல்லாம் போட்டு, அதே ஹினோக்கி மரத்தில் கட்டினார்கள். உலகில் இன்றும் நிற்கும் மரக்கட்டடங்களில் மிகப் பழையது அதுதான். அதாவது ஆயிரம் வருடம் நிற்கும் வீடு கட்டக் கை பழகிவிட்ட காலத்தில், இவர்கள் தெரிந்தே இருபது வருட வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய நெற்களஞ்சிய வடிவத்தை விடவில்லை, மண்ணில் நட்ட தூணையும் விடவில்லை. கட்டடத்தைக் காப்பாற்றும் பொறுப்பைக் கல்லிடம் கொடுக்காமல் மனிதர்களிடம் கொடுத்தார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு, ஆவணத்தில் இருப்பதல்ல.

"1300 ஆண்டாக ஓர் அங்குலம் மாறாமல்" என்று சில இடங்களில் எழுதுவார்கள். அது சரியில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் நாடு முழுக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது இந்த வழக்கம் 120 வருடத்துக்கும் மேல் நின்றே போனது. உள் ஆலயம் 1462க்குப் பிறகு 1585 வரை முறைப்படி புதுப்பிக்கப்படவில்லை. அந்த இடைவெளியில் கூரை இடிந்து, பெயருக்கு ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். முன்னால் கட்டியதைக் கண்ணால் பார்த்த ஒருவர்கூட உயிரோடு இல்லாத நிலையில் பழைய ஏடுகளை வைத்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். துணைக் கட்டடங்களின் அமைவும் உலோக அலங்காரமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1949இல் வர வேண்டியது 1953க்குத் தள்ளிப்போனதும் உண்டு.

அந்தப் பெரிய இடைவெளியை முடித்து வைத்தவர்கள் யார் என்பதை அவசியம் சொல்ல வேண்டும். கெய்கோயின் என்ற மடத்தைச் சேர்ந்த புத்த பிக்குணிகள் அவர்கள். செய்ஜுன் என்பவர் ஊர் ஊராக நன்கொடை கேட்டு நடந்து, முதலில் இசேவின் ஆற்றுப் பாலத்தைக் கட்டினார். பிறகு 1563இல் வெளி ஆலயத்தைப் புதுப்பிக்க வைத்தார். அவருக்கு அடுத்து வந்த ஷூயோ, ஒதா நொபுனாகா, தொயோதொமி ஹிதேயோஷி போன்ற அதிகாரம் படைத்தவர்களிடம் உதவி பெற்று 1585இல் இரண்டு ஆலயங்களையும் எழுப்பச் செய்தார். இசேவில் அந்த நாட்களில் மொட்டையடித்த பிக்குகளும் பிக்குணிகளும் கருவறைப் பக்கம் வரக்கூடாது, தள்ளி நின்று கும்பிட அவர்களுக்குத் தனி இடம் இருந்தது. கிட்டே போக முடியாத வாசலுக்காகத்தான் அந்தப் பெண்கள் மழையிலும் வெயிலிலும் கையேந்தி நடந்திருக்கிறார்கள். பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த நினைவு வரும்.

சரி, 2013இல் என்ன நடந்தது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். புதுக் கட்டடம் முடிந்து தெய்வம் வருவதற்கு முன்னால், கோடையில், 'ஓஷிராயிஷி மோச்சி' என்று ஒன்று நடக்கும். மியா ஆற்றில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கற்களை வண்டியில் ஏற்றி ஊர்மக்கள் கயிறு கட்டி இழுத்துவந்து, கருவறையைச் சுற்றித் தங்கள் கையாலேயே பரப்புவார்கள். வெளியூர்க்காரர்களும் பதிவுசெய்து கலந்துகொள்ளலாம். என்னோடு வேலை பார்த்த தச்சர்கள் குழுவாகப் போனார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். ஆகஸ்ட் மாத வெயில். எல்லோரும் வெள்ளை உடை. "என்யா, என்யா" என்று கத்தியபடி நீளமான கயிற்றை இழுத்தோம். பாலத்தைத் தாண்டியதும் ஆளுக்கொரு வெள்ளைத் துணியைக் கொடுத்து அதில் கல்லை வைத்தார்கள். வெறுங்கையில் பிடிக்காமல் துணியோடு ஏந்திக்கொண்டு ஒவ்வொரு வேலியாகத் தாண்டி உள்ளே போனோம். பேச்சு தானாக நின்றுவிட்டது. கடைசி வேலிக்குள் கட்டடம் நின்றது. புது ஹினோக்கியின் நிறத்தைப் படத்தில் பிடிக்க முடியாது. காய்ந்துகொண்டிருக்கும் பாலின் ஆடை போல ஒரு வெளிர்மஞ்சள். வாசனை எலுமிச்சையும் கற்பூரமும் கலந்த மாதிரி. தூண் அவ்வளவு பெரியது, ஆனால் இழைப்புளியின் ஒரு தடம்கூடக் கண்ணில் படவில்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி பேத்தியின் கையைப் பிடித்துக் கல்லை வைக்கச் சொன்னார். 1973இல் தன் அம்மாவோடு வந்தாராம், 1993இல் மகளோடு வந்தாராம். "அடுத்த முறை இவள் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவாள்" என்றார். அவர் கண் கலங்கவில்லை, எனக்குத்தான் கலங்கிவிட்டது. தெய்வம் குடிவந்த பிறகு அந்த இடத்துக்கு யாரும் போக முடியாது. இருபது வருடம் கழித்து அது காலி மனை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: இசேவில் பழசு என்று இருப்பது வேலைதான். 62 முறை செய்த வேலை. அதற்கு ஒவ்வொரு முறையும் சுமார் 10,000 ஹினோக்கி மரங்கள் தேவைப்படுகின்றன. நகானோ, கிபு மாகாணங்களின் கிசோ மலைப் பகுதியிலிருந்துதான் பல நூற்றாண்டுகளாகப் பெரும்பாலான மரம் வருகிறது. முதல் மரங்களை இன்றும் கோடாரியால், மூன்று பக்கமிருந்து வெட்டிச் சாய்க்கிறார்கள். 1923இல் ஆலயம் தன் சொந்தக் காட்டில் 200 ஆண்டுத் திட்டமாக ஹினோக்கி நடத் தொடங்கியது. அந்தக் காடு சுமார் 5500 ஹெக்டேர். அங்கு வளர்ந்த மரம் 2013இல் கணிசமான அளவில் பயன்பட்டது. சொந்தக் காட்டு மரம் செங்கூவுக்கு வந்தது சுமார் 700 ஆண்டுக்குப் பிறகு அதுவே முதல் முறை. நட்டவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கட்டடத்தோடு சேர்த்துத் தெய்வத்தின் உடை, நெசவு, வாள், குதிரைச் சேணம் என 714 வகையில் 1576 பொருட்களையும் புதிதாகவே செய்கிறார்கள். 2013 முறைக்கு ஆன செலவு 5500 கோடி யென்னுக்கு மேல். 1945க்குப் பிறகு அரசுப் பணம் கிடையாது, ஆலயத்தின் வருமானமும் மக்கள் நன்கொடையும்தான்.

இப்போது பயணம். முழு நாள் கொடுங்கள், ஆனால் காலையிலேயே போய்விடுங்கள். நகோயாவிலிருந்து கின்தெத்சு விரைவு ரயிலில் இசேஷி நிலையம் ஏறக்குறைய ஒரு மணி இருபது நிமிடம். முதலில் வெளி ஆலயம், அப்புறம் உள் ஆலயம். அதுதான் காலங்காலமான வரிசை. நிலையத்திலிருந்து வெளி ஆலயம் நடக்கும் தூரம். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள். நவம்பரில் மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள்.

வெளி ஆலயத்தில் தினமும் இரண்டு வேளை தெய்வங்களுக்கு உணவு படைக்கிறார்கள். சுமார் 1500 ஆண்டாக நடப்பதாகச் சொல்லும் வழக்கம் இது. அக்டோபர் முதல் மார்ச் வரை காலை 9 மணி, மாலை 3 மணி. கட்டையைக் கடைந்து நெருப்பு எடுக்கிறார்கள், ஆலயத்துக் கிணற்றில் நீர் இறைக்கிறார்கள். சோறு, மீன், கடற்பாசி, காய், கனி, உப்பு, நீர், சாகே என்கிற அரிசி மது. அரிசி அவர்களது சொந்த வயல், உப்பு அவர்களே காய்ச்சுவது. தட்டுகள் சுட்ட மண்ணால் ஆனவை, ஒருமுறை பயன்படுத்தினால் மறுபடி எடுப்பதில்லை. படையலை நாம் பார்க்க முடியாது. ஆனால் வெள்ளை அங்கி போட்ட பூசாரிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரளைக்கல்லில் நடந்துபோவதைப் பார்க்கலாம். சற்று முன்னதாகப் போய், ஒதுங்கி நின்று, தலை தாழ்த்தினால் போதும். காலை 7 மணிக்கு நகோயாவில் ரயில் ஏறினால் இதற்குச் சரியாக இருக்கும்.

உள்ளே பார்க்க முடியாது என்ற உங்கள் குறைக்கு வெளி ஆலயத்து வளாகத்திலேயே பாதி நிவாரணம் உண்டு. குளத்தங்கரையில் செங்கூகான் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. வெளி ஆலயத்துக் கருவறையின் கால் பகுதியை அசல் அளவிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம். நுழைவுக்கு 300 யென். மாதம் ஒரு நாள் விடுமுறை விடுவார்கள், தேதி பார்த்துவிட்டுப் போங்கள். கூரையின் இரு முனையிலும் கத்தரி போலக் குறுக்கிட்டு வானம் நோக்கி நீளும் கட்டைகளைக் கவனியுங்கள். வெளி ஆலயத்தில் அவற்றின் நுனி செங்குத்தாக வெட்டியிருக்கும், முகட்டின் மேல் குறுக்கே படுத்திருக்கும் உருளைக் கட்டை ஒன்பது. உள் ஆலயத்தில் நுனி கிடைமட்டம், கட்டை பத்து. வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்தால் அம்மாவுக்குக்கூட அது ஒரு விளையாட்டாக இருக்கும்.

உள் ஆலயத்துக்குப் பேருந்தில் பதினைந்து இருபது நிமிடம். உஜி பாலத்தில் தொடங்குகிறது. 101.8 மீட்டர் நீளம், அதுவும் இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவது, கடைசியாக 2009இல். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை, பாலத்தின் முன்னால் நிற்கும் தோரி வாயிலுக்கு (இரண்டு தூணும் மேலே குறுக்குக் கட்டையுமான ஆலய வாயில்) நடுவே சூரியன் எழுவது தெரியும். அதற்கு நீங்கள் முந்தின இரவே இசேவில் தங்க வேண்டும், அம்மாவோடு போகும்போது நான் கட்டாயப்படுத்த மாட்டேன். பாலம் தாண்டி வலப்பக்கம் இசுசு ஆறு. கல் பாவிய கரையில் குனிந்து ஆற்று நீரிலேயே கை கழுவலாம். அந்த வாரம் மேப்பிள் இலை சிவந்திருக்கும் காலம். தலைமை ஆலயத்துக்கு இருபத்தைந்து முப்பது கல்படி ஏற வேண்டும். அந்தப் படிக்குக் கீழே வரைதான் படம் எடுக்கலாம், மேலே கூடாது. மேலே போனால் ஒரு வாயில், அதில் வெள்ளைத் திரை. காற்று வந்தால் திரை விலகும், உள்ளே வெள்ளைக் கல்லும் அடுத்த வேலியும் ஒரு கணம் தெரியும். அவ்வளவுதான், நான்கு வேலிக்குப் பின்னால் இருக்கிறது கருவறை.

அங்கிருந்து நேராகத் திரும்பிவிடாதீர்கள். அரமாத்சுரி துணை ஆலயத்துக்குப் போகும் வழியில் 'மிஷினெ நோ மிகுரா' என்று ஒரு சின்ன நெற்களஞ்சியம் இருக்கிறது. நிறையப் பேர் கவனிக்காமல் கடந்துபோவார்கள். கருவறையின் அதே பாணி, ஆனால் கையெட்டும் தூரத்தில். உயர்த்திய தரை, சாயம் பூசாத பலகைச் சுவர், புல் கூரை. மரம் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும், கூரையில் பாசி பச்சைப் பிடித்திருக்கும். 2013இல் நான் பார்த்த அந்த வெளிர்மஞ்சள்தான் இப்படி ஆகியிருக்கிறது. அங்கே பத்து நிமிடம் நில்லுங்கள். தலைமை ஆலயத்துக்குப் பக்கத்துக் காலி மனையையும் பாருங்கள். வெள்ளைக் கல் பரப்பு, நடுவில் ஒரு சிறு மரக்குடில், அதற்குக் கீழேதான் கருவறையின் புனித மையத் தூணுக்கான இடம்.

நடந்துகொள்ளும் முறை கஷ்டமில்லை. எந்த மதத்தவரும் போகலாம். 2016 மே மாதம் ஜி-7 நாட்டுத் தலைவர்கள் எல்லோரும் இங்கே வந்துபோனார்கள். தோரி வாயிலில் நுழையும்போது லேசாகத் தலை தாழ்த்துங்கள். பாதையின் நடுவில் நடக்காதீர்கள், அது தெய்வத்தின் வழி. வெளி ஆலயத்தில் இடப்பக்கமாகவும் உள் ஆலயத்தில் வலப்பக்கமாகவும் நடப்பது வழக்கம். நீர்த்தொட்டியில் அகப்பையால் இடக்கை, வலக்கை, பிறகு இடக்கையில் ஊற்றி வாய் கொப்பளித்து, மறுபடி இடக்கை. அகப்பையை வாயில் வைக்கக்கூடாது. தெய்வத்தின் முன் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, கை கூப்பி, ஒருமுறை குனிய வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டாம். நம் ஆட்கள் இதில்தான் தடுமாறுவார்கள், ஆனால் அங்கே வெறுங்காலோடு நின்றால்தான் எல்லோரும் பதறுவார்கள். தொப்பியை மட்டும் எடுத்துவிடுங்கள். தலைமை ஆலயத்தில் உண்டியல் கிடையாது, விரித்த வெள்ளைத் துணியில் காசு விழுந்திருக்கும், போடலாம். மணியும் இல்லை, குறிச்சீட்டும் இல்லை. இங்கே வந்ததே நல்ல நாள்தான், அதற்குமேல் என்ன ராசி பார்ப்பது என்பார்கள். தலைமை ஆலயத்தில் நன்றி மட்டும் சொல்லிவிட்டு, சொந்த வேண்டுதலை அரமாத்சுரியில் வைப்பது மக்கள் வழக்கம். அம்மாவிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சாப்பாடு. பாலத்துக்கு எதிரே ஒஹராய் மாச்சி என்று 800 மீட்டர் நீளக் கடைத்தெரு. நீங்கள் சைவமாக இருந்தால் கறுப்புக் குழம்பு ஊற்றித் தரும் இசே உதோன் நூடுல்ஸ் வேண்டாம், மீன் சாறு கலந்திருக்கும். 1707 முதல் விற்கும் அகாபுகு தாராளமாகச் சாப்பிடலாம். ஒட்டரிசி மாவுருண்டைக்கு மேல் சிவப்புப் பயறு இனிப்பு, விரல் தடம் மூன்று. இசுசு ஆற்றின் அலையாம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தீர்கள். பாதை முழுக்கச் சரளைக்கல், கெட்டியான அடியுள்ள காலணி போடச் சொல்லுங்கள். நுழைவாயிலில் சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள். படியேற முடியாவிட்டால் கீழே நின்றே கும்பிடலாம், நிறைய முதியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, நேரம் இருந்தால் மட்டும். பாலத்தின் இரண்டு முனையிலும் நிற்கும் தோரி வாயில்களின் தூண்கள் முன்பு கருவறைகளின் முகட்டைத் தாங்கியவை. உள்பக்க வாயில் உள் ஆலயத்து மரம், வெளிப்பக்க வாயில் வெளி ஆலயத்து மரம். அங்கே இருபது வருடம் நின்ற பிறகும் அவற்றை விடுவதில்லை. ஒன்று கமெயாமாவின் செகி என்ற ஊருக்கும், மற்றது குவானாவுக்கும் வாயிலாகப் போகும். குவானா நீங்கள் நகோயா திரும்பும் அதே ரயில் பாதையில்தான் இருக்கிறது. எடோ ஆட்சிக் காலத்தில் (1603–1868) கிழக்கேயிருந்து படகில் வந்த யாத்ரிகர்கள் கரையிறங்கிய துறை அது. நிலையத்திலிருந்து இருபது இருபத்தைந்து நிமிட நடை, அம்மாவுக்காக டாக்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் தனியாக நிற்கும். 1973இல் வெளி ஆலயத்துக் கருவறைக்காக இழைத்த மரம், 1993 வரை முகடு தாங்கி, பிறகு இருபது வருடம் பாலத்து வாசலில் நின்று, 2015இல் அங்கே வந்தது. நான்கு வேலிக்குப் பின்னால் இருக்கும் மரத்தை நாம் பார்க்க முடியாது. இதற்குப் பக்கத்தில் போய் நிற்கலாம்.